தரித்திரத்துக்கு யார் முகம்?

1/
எங்க வார்டு சுவரில் ஒரு போஸ்டர் இருக்கு. எலும்பும் தோலுமா ஒரு ஆள், கையில் பாட்டில், பின்னாடி மண்டை ஓடு. கீழே "குடி குடியைக் கெடுக்கும்".

போன மாசம் கல்வராயன் மலையிலிருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க. வயிறு நீர் கோத்து, கண்ணெல்லாம் மஞ்சள். அவரோட மனைவி அந்தப் போஸ்டரையே ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தாங்க. ரவுண்ட்ஸ் முடியும்போது கேட்டாங்க: "ஏன் சார், குடிச்சவுரு படம் மட்டும் போட்டிருக்கு? வித்தவன் படம் எங்கயும் போடமாட்டாங்களா?"

"மாத்திரையை நேரத்துக்குக் குடுங்கம்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்கு நகர்ந்துட்டேன்.

அன்னைக்கு நைட் டூட்டியில் அந்தக் கேள்வி விடல. எப்பவோ பார்த்த 400 வருஷப் பழைய ஓவியம் ஒண்ணு ஞாபகம் வந்தது. அதைப் பற்றித்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
முதல்ல ஒரு சின்ன அறிமுகம்.

நீதியை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனா கையில் தராசு, கண்ணில் துணி கட்டிய பெண்ணைப் பார்த்தா "நீதி தேவதை"ன்னு உடனே சொல்லிடுவோம். மொழிக்கு உருவம் கொடுத்து தமிழ்த்தாய் ஆக்கினோம். வறுமைக்கும் நம்ம ஊரில் உருவம் உண்டு: காக்கைக் கொடி பிடிச்ச மூதேவி.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குக் கை, கால், முகம் கொடுக்கிறதுதான் உருவகப் படம். எந்த முகத்தைக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கு.

3/
இந்தக் கலை ஐரோப்பாவில் பெரிய அளவில் பரவினது அச்சால்.

அரண்மனைச் சுவரில் இருக்கிற ஓவியம் ஒண்ணே ஒண்ணு. செப்புத் தகட்டில் கீறி, மையைத் தடவி, தாளை வைத்து அழுத்தினா அதே படம் நூற்றுக்கணக்கில் வரும். 1514-ல் ஜெர்மனியின் டியூரர் மனச்சோர்வையே இறக்கை வைத்த ஒரு பெண்ணா செதுக்கினார். தலையைக் கையில் தாங்கி, சுற்றிலும் கருவிகள் கிடக்க, எதையும் தொட மனசில்லாம உட்கார்ந்திருப்பாள். டிப்ரஷன் பற்றிப் பாடம் எடுக்கும்போது இன்னைக்கும் அந்தப் படத்தைக் காட்டுவாங்க.

1593-ல் இத்தாலியில் செசாரே ரீப்பா இதுக்குன்னே அகராதி மாதிரி ஒரு புத்தகம் போட்டார். பொறாமையை எப்படி வரையணும், அமைதியை எப்படி வரையணும்னு வரிசையா இருக்கும். 1603 பதிப்பில் படங்களும் சேர்ந்தது. ஓவியர்களுக்கு அது ஒரு கைடு.

4/
இந்த அச்சுப் படங்கள் நம்ம நாட்டுக்கு வந்த கதை சுவாரசியமானது.

1580-ல் கோவாவிலிருந்து மூணு ஏசு சபைப் பாதிரியார்கள் ஃபதேபூர் சிக்ரிக்குப் போய் அக்பரைப் பார்த்தாங்க. அவங்க கொடுத்த பரிசு, ஆண்ட்வெர்ப் நகரில் பிளாண்டின் அச்சகம் போட்ட பன்மொழி பைபிள். அதன் முகப்புப் படத்தில் சிங்கம், ஓநாய், மாடு, ஆட்டுக்குட்டி நாலும் ஒரே தொட்டியில் ஒண்ணா தீனி தின்னும். அமைதிக்கான உருவகம் அது. இன்னொரு பக்கத்தில் அரச பக்தியைப் பெண்ணாக வரைந்த படம்.

அக்பரின் ஓவியர்கள் இதைச் சும்மா பார்த்துட்டு விடல. பசாவன் அந்தப் பெண் உருவத்தை எடுத்துத் தன் கையால் திரும்ப வரைந்தார். அபுல் ஹசன் என்ற பையன் 1600 வாக்கில், வயசு 12, 13 இருக்கும்போதே, டியூரரின் செப்புத் தகட்டு அச்சில் இருந்த புனித யோவானைப் பார்த்து அச்சு அசலா வரைந்து வச்சான்.

5/
அந்தப் பையன் வளர்ந்து ஜஹாங்கீரின் முதன்மை ஓவியர் ஆனார். நான் சொல்ல வந்த ஓவியம் அவர் வரைந்ததுன்னுதான் அறிஞர்கள் கருதுறாங்க. 1620-25 காலம். இப்ப அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கு.

படத்தில் ஜஹாங்கீர் வில்லை வளைத்து நிற்கிறார். காலடியில் பூகோள உருண்டை, சிங்கம், ஆட்டுக்குட்டி. மேலே மேகத்தில் இறக்கை வைத்த குழந்தைகள். கூடவே நீதிச் சங்கிலி. சிங்கமும் ஆடும் எங்கிருந்து வந்ததுன்னு இப்ப உங்களுக்கே தெரியும். இறக்கைக் குழந்தைகளும் ஐரோப்பிய அச்சுப் படங்களிலிருந்து வந்தவங்கதான்.

அம்பு எதை நோக்கிப் போகுது?

6/
ஓவியத்தில் எழுதியிருப்பதன் சாரம்: பேரரசர் வள்ளல் தன்மை என்ற அம்பால் "தலித்தர்" உலகத்தில் இல்லாமல் ஒழிக்கிறார்.

தலித்தர் வேறெதுவும் இல்லை. நம்ம "தரித்திரம்" தான். அதே சொல்.

அம்பு பாயும் இடத்தில் நிற்கிற தரித்திரம் எப்படி இருக்கு தெரியுமா? கருத்த தோல், ஒட்டிய வயிறு, எண்ணக்கூடிய விலா எலும்பு, இடுப்பில் துண்டுத் துணி. ஒரு ஏழைக் கிழவன்.

அதாவது, வறுமையைக் கொல்வதைக் காட்டணும். வறுமைக்கு ஒரு முகம் வேணும். ஓவியர் கொடுத்தது ஏழையின் முகம். பலன், வறுமையை ஒழிக்கிற படம் ஏழையைச் சுடுகிற படமா முடிஞ்சிருக்கு.

7/
இது அபுல் ஹசன் மட்டும் பண்ணின தப்பு இல்லை. நம்ம பேச்சையே கவனிங்க.

"தரித்திரம் பிடிச்சவன்" என்கிறோம். சரியாப் பார்த்தா அந்தச் சொல்லில் நியாயம் இருக்கு. தரித்திரம் வேற, ஆள் வேற. அது இவனைப் பிடிச்சிருக்கு, காய்ச்சல் பிடிக்கிற மாதிரி. ஆனா கோபம் வந்தா என்ன சொல்றோம்? "ஏய் தரித்திரமே!" அவ்வளவுதான். நோயும் நோயாளியும் ஒண்ணாயிடுச்சு.

8/
இப்ப வில்லைப் பிடிச்ச கையைப் பார்ப்போம். ஒரு டாக்டரா எனக்கு அதில்தான் ஆர்வம்.

ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் வெளிப்படையா எழுதியிருக்கார். 18 வயசில் குடி ஆரம்பிச்சிருக்கு. ஒயின் போதை ஏறாம ஆனதும் சாராயத்துக்கு மாறினார். ஒன்பது வருஷத்தில் அளவு ஏறி, இருமுறை காய்ச்சி வடித்த சாராயம் ஒரு நாளைக்கு 20 கிண்ணம். பகலில் 14, மீதி ராத்திரி. கை நடுக்கத்தில் கிண்ணத்தைத் தானே பிடிக்க முடியாம வேற ஆள் பிடிச்சுக் குடிக்க வைக்கணும்.

ஹக்கீம் ஹுமாம் என்ற வைத்தியர் நேராச் சொன்னார்: இப்படியே போனா ஆறு மாசத்தில் கை மீறிடும். ஜஹாங்கீர் கேட்டார். ஏழு வருஷம் எடுத்து, 20-லிருந்து 6 கிண்ணத்துக்குக் கொண்டு வந்தார். நடுவில் அபின் கலவையும் சேர்ந்தது தனிக் கதை.

கூட உட்கார்ந்து அளவைக் குறைக்க வைக்க வைத்தியர், நல்ல சாப்பாடு, ஏழு வருஷ அவகாசம். ஓபியில் எனக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கிற கூலிக்காரருக்கு இதில் எது இருக்கு?

9/
அவர் தம்பிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. முராத் 1599-ல் குடியால் செத்தார். இன்னொரு தம்பி தானியால் முடிவு, படிக்கிற எந்த டாக்டரையும் உலுக்கும்.

அக்பர் காவல் போட்டுக் குடியை நிறுத்தினார். தானியால் தன் துப்பாக்கிக்காரனிடம் கெஞ்சி, துப்பாக்கிக் குழாய்க்குள் சாராயத்தை ஊற்றிக் கடத்தி வரச் சொன்னார். கடும் சாராயம் உள்ளே இருந்த துருவையும் வெடிமருந்துக் கசடையும் கரைச்சிடுச்சு. அதைக் குடிச்சுப் படுத்தவர் எழுந்திருக்கல. இடம் புர்ஹான்பூர், காலம் 1605 வாக்கில். சொல்றது அண்ணன் ஜஹாங்கீரேதான்.

தடை, கள்ளத்தனமா கடத்தல், கலப்படம், சாவு. கள்ளக்குறிச்சிக்காரனுக்கு இந்த வரிசை புதுசா?

10/
1605-ல் பட்டத்துக்கு வந்ததும் ஜஹாங்கீர் 12 ஆணைகள் போட்டார். அதில் ஒண்ணு, போதைப் பொருள் செய்வதற்கும் விற்பதற்கும் தடை. நான் குடிக்கிறவன்தான்னு அந்த இடத்திலேயே ஒத்துக்கவும் செய்றார். அந்த நேர்மையைப் பாராட்டணும்.

ஆனா ஓவியத்தில் அந்த நடுங்கும் கை இல்லை. வில் பிடிச்ச கை உறுதியா இருக்கு. மெலிஞ்சு, சரிஞ்சு நிற்கிறது எதிரில் இருக்கிற கிழவன் மட்டும்தான்.

படம் வரையச் சொல்றவன் முகம் ஒருநாளும் நோயின் முகமா வராது.

11/
அப்போ வேற வழியே இல்லையா? இருந்தது. அதே ஐரோப்பிய அச்சுக் கலையிலேயே இருந்தது.

1531-ல் அல்ச்சியாத்தோ என்ற இத்தாலிய வக்கீல் ஒரு சின்னப் படப் புத்தகம் போட்டார். பின்னாடி நூற்றுக்கும் மேல் பதிப்பு கண்டது. அதிலும் வறுமைக்கு ஒரு படம் உண்டு. ஒரு ஆள். ஒரு கையில் இறக்கை முளைச்சிருக்கு, அது மேலே இழுக்குது. இன்னொரு கையில் பெரிய கல், அது கீழே இழுக்குது. திறமை மேலே தூக்குது, வறுமை கீழே பிடிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம்.

கவனிங்க. இங்கே வறுமை அந்த ஆள் இல்லை. வறுமை அந்தக் கல். சுடணும்னு தோணாது. கல்லை அவிழ்க்கணும்னுதான் தோணும்.

12/
சாராயத்துக்கே வந்தா, லண்டனில் 1751-ல் ஹோகார்த் போட்ட 'ஜின் சந்து' அச்சுப் படம். மலிவான ஜின் ஊரையே அழிச்ச காலம். குடிபோதையில் ஒரு தாய், கை நழுவித் தலைகீழா விழும் குழந்தை. எல்லார் கண்ணும் அவள் மேல்தான் போகும்.

ஆனா ஓரத்தைப் பாருங்க. அடகுக்கடைக்காரன் நிற்கிறான். ஒருத்தன் ரம்பத்தையும் ஒருத்தி பாத்திரத்தையும் அடகு வைக்கிறாங்க. தெருவே இடிஞ்சு கிடக்க, அவன் வியாபாரம் மட்டும் செழிப்பு. ஹோகார்த் வித்தவனையும் வரைஞ்சிருக்கார், ஓரத்தில்தான் என்றாலும்.

அதே வருஷம் வந்த சட்டம் வடிப்பவர்களையும் விற்பவர்களையும் இறுக்கியது. தொடர்ந்து தானிய விலையும் ஏற, ஜின் குடி குறைஞ்சது.

13/
இப்ப நம்ம ஊர். 2024 ஜூன் 18, கருணாபுரம். மலையில் இல்லை, கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே. பாக்கெட் சாராயம் குடிச்சு 60 பேருக்கும் மேல் செத்தாங்க. பெரும்பாலும் கூலி வேலைக்காரங்க. பெண்களும் இருந்தாங்க.

கொன்னது மெத்தனால். அது ஊறல் போட்டுக் காய்ச்சுவது இல்லை, தொழிற்சாலை ரசாயனம். உடம்பில் அது முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறும். கண் நரம்பைத் தின்னும், ரத்தம் அமிலமாகும். கொடுமை என்னன்னா, முதல் பல மணி நேரம் சாதாரண போதை மாதிரியே இருக்கும். பார்வை மங்கும்போதுதான் தெரியும். சீக்கிரம் வந்தா மாற்று மருந்து, டயாலிசிஸ் எல்லாம் கைகொடுக்கும். தாமதமானா கண்ணோ உயிரோ போகும்.

14/
அந்த வாரம் சோஷியல் மீடியாவில் அதிகம் ஓடினது என்ன? "குடிகாரன் செத்தா 10 லட்சமா?"

ஒளிக்காம சொல்றேன். தூக்கம் இல்லாத ஒரு ராத்திரியில் எனக்கும் "யார் குடிக்கச் சொன்னா?"ன்னு ஒரு நொடி தோணினது. என் கையிலும் அந்த வில் இருந்தது.

மெத்தனாலை டிரம்மில் விற்றவன், பாக்கெட் போட்டவன், கைமாத்தினவன். இந்தச் சங்கிலியில் யார் முகமாவது உங்களுக்கு ஞாபகம் இருக்கா? வரிசையா படுக்க வச்ச உடம்புகள்தான் ஞாபகம் இருக்கும்.

15/
மலைக்கும் அதே கதிதான். கல்வராயன் மலை என்றாலே வெளியூர்க்காரங்களுக்கு "சாராய மலை". 1976 வரை அங்கே ஜாகிர்தார்கள் ஆட்சி நடந்தது தெரியுமா? நாடு விடுதலை ஆகி 29 வருஷம் வரை. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் எவ்வளவு லேட்டா ஏறியிருக்கும்னு யோசிச்சுக்கோங்க. 2024 சாவுகளுக்குப் பிறகுதான் உயர் நீதிமன்றமே தானா முன்வந்து மலை மக்களின் நிலைமையை வழக்கா எடுத்தது.

கல் அங்கே இருக்கு. நாம ஆளை வரைஞ்சுட்டு இருக்கோம்.

16/
"அப்போ குடிக்காதேன்னு சொல்லவே கூடாதா டாக்டர்?"

சொல்லணும். தினமும் சொல்றேன். குடி கல்லீரலை அழிக்கும், குடும்பத்தை அழிக்கும், அதில் ரெண்டு கருத்து இல்லை.

ஆனா அந்த மண்டை ஓட்டுப் போஸ்டர் வார்டில் என்ன செய்யுதுன்னு நான் பார்க்கிறேன். கூச்சத்தில் ஆளுங்க பொய் சொல்றாங்க. "குடிப்பீங்களா?" "இல்லீங்க சார்." ரெண்டாம் நாள் கை நடுங்கி, இல்லாத பூச்சியைப் பிடிக்கும்போதுதான் உண்மை தெரியுது. மெத்தனால் கேஸில் "வெறும் வயித்துவலி"ன்னு சொல்ற ஒரு பொய் பார்வையையே காவு வாங்கும். அம்பு தன் மேலதான் பாயும்னு நினைக்கிறவன் டாக்டர்கிட்ட எப்படி வாயைத் திறப்பான்?

17/
அடுத்த வாரம் அவங்க ரிவ்யூவுக்கு வரணும். அந்த அம்மாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லல. அல்ச்சியாத்தோ படத்தை போனில் சேவ் பண்ணி வச்சிருக்கேன். காட்டலாம்னு இருக்கேன்.

குடியை நிறுத்த நினைக்கிறவங்க, வீட்டில் அப்படி ஒருத்தர் இருக்கிறவங்க, டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. சாராயம் குடிச்ச பிறகு பார்வை மங்கினா, வாந்தி நிக்கலைன்னா ஒரு நிமிஷம் கூடக் காத்திருக்காம 108. வந்ததும் என்ன குடிச்சீங்கன்னு உண்மையைச் சொல்லுங்க. திட்டமாட்டோம்.