கவனித்ததற்குச் சான்று எது? செவிலியர் கல்வியின் ஓர் அளவுகோலை முன்வைத்து

செவிலிய மாணவர்களின் முடிவெடுக்கும் திறனை மதிப்பிடக் கேத்தி லாசட்டர் 2007இல் வெளியிட்ட அளவுகோலில் பதினொரு கூறுகள் உள்ளன. முதல் மூன்றும் 'கவனித்தல்' என்ற தலைப்பில் வருபவை. கவனித்தல் மனத்துக்குள் நடப்பது, ஆகவே இம்மூன்றுக்கும் இடும் மதிப்பெண் மதிப்பீட்டாளரின் ஊகமே என்று ஒரு சாரார் வாதிடுகின்றனர். செயலைச் சிறு படிகளாக உடைத்து 'செய்தார், செய்யவில்லை' எனக் குறிக்கும் பட்டியலே நம்பகமானது என்பது அவர்கள் முடிபு. அளவுகோலின் வாசகம் இதற்கு இடம்தரவில்லை என்றே கருதுகிறேன்.

மூன்றாம் கூறான தகவல் தேடலில் சிக்கல் இல்லை. நோயாளியிடமும் உடனிருப்பவரிடமும் மாணவி என்ன கேட்கிறார் என்பது காதில் விழும். சர்ச்சை இரண்டாம் கூறில்தான்: எதிர்பார்த்த போக்கிலிருந்து விலகலை இனங்காணல். இதன் உச்சநிலை விவரணை விலகலைக் கண்டறிவதோடு நிற்பதில்லை. கண்டறிந்தது அடுத்த பரிசோதனைக்கு வழிகாட்ட வேண்டும் என்றும் கேட்கிறது. மறுப்பாளர்கள் இந்தப் பிற்பகுதியைக் கணக்கில் எடுப்பதில்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த ஒரு நோயாளியைக் கொள்வோம். பிபி 120/80இலேயே நிற்கிறது. நாடித்துடிப்பு 84இலிருந்து 116க்கு ஏறுகிறது. இரண்டையும் பிழையின்றிச் சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகும் மாணவிக்குப் பட்டியல் முழு மதிப்பெண் தந்துவிடும். இன்னொரு மாணவி, நாடி பிடித்த விரலை எடுக்காமலே, நோயாளி அறியாதபடி ஒரு நிமிடம் மூச்சை எண்ணுகிறார். போர்வையை விலக்கி டிரெஸ்ஸிங்கையும், முதுகுக்கு அடியில் விரிப்பு நனைந்திருக்கிறதா என்பதையும் பார்க்கிறார். ட்ரெயின் பையின் அளவைக் குறித்துக்கொண்டு பொறுப்புச் செவிலியரை அழைக்கிறார். இரத்தக் கசிவில் பிபி இறங்குமுன் நாடித்துடிப்பு ஏறுவதே பெரும்பாலும் முதல் அறிகுறி. அவர் செய்த ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் வழக்கமான வேலைதான். 116ஐப் பார்த்த பிறகு அவை இந்த வரிசையில் நடந்தன என்பதே கவனித்ததற்குச் சான்று.

வழக்கமாகச் செய்வதைச் செய்திருக்கலாமே என்ற ஐயம் நியாயமானது. நாடி சீராக உள்ள நோயாளியிடமும் அதே மாணவியைப் பார்த்தால் அது பெருமளவு தீரும். அளவுகோல் பயிற்சிக்கூடப் பொம்மையை வைத்து உருவானது என்பதையும் மறக்கலாகாது. அங்கே நாடி எப்போது ஏறும் என்பது மதிப்பீட்டாளருக்கு முன்பே தெரியும், வார்டில் தெரியாது. எனவே என் முடிபை இப்போதைக்குப் பயிற்சிக்கூடத் தேர்வோடு நிறுத்திக்கொள்கிறேன். அளவுகோலில் உள்ள 'அமைதியான, தன்னம்பிக்கையுள்ள தோரணை' என்ற கூறுக்காகவும் நான் வாதாடவில்லை. கூச்ச சுபாவமுள்ள நல்ல மாணவிகளை அது தண்டிக்கக்கூடும்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டம் ஆஸ்கி (OSCE) எனப்படும், செய்முறைத் திறன்களை நிலையம் நிலையமாகச் சோதிக்கும் தேர்வை ஏற்றிருக்கிறது. கல்லூரிகள் அதற்கான மதிப்பெண் தாள்களை அச்சிடும்போது இரண்டு பத்திகளைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்: நோயாளியிடம் என்ன, எப்போது மாறியது என்பது ஒன்று; அதன்பின் மாணவி முதலில் செய்தது என்ன என்பது மற்றொன்று.