கம்பளியின் கணக்கு

இலங்கை மலையகத்துக்குத் தமிழர் போன கதையை எழுதும்போது, ஆள் சேர்த்துக் கொண்டுபோன கங்காணிக்கும் கடனுக்கும் தனித்தனி அதிகாரம் ஒதுக்குவார்கள். பஞ்சமும் சாதியும் விரிவாகப் பேசப்படும். குளிருக்கு இரண்டு வரி கிடைத்தால் அதிகம். அதுவும் இயற்கை வர்ணனையாக. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் என்று சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் சீமைகளிலிருந்து, ஆண்டுச் சராசரியே 16 டிகிரி அளவில் நிற்கும் நுவரெலியா மலைகளுக்குக் கைக்குழந்தைகளோடு குடும்பங்கள் ஏறின. தை மாதத்துப் பின்னிரவுகளில் அங்கே புல்மேல் உறைபனி படியும். இந்த ஏற்றத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டால் மலையகத்தின் கதை பாதி புரியாமலே போகும் என்பது என் வாதம். குடும்பத்தைக் குளிருக்குள் இழுத்தது ஒரு பயிரின் நாட்காட்டி. அங்கே அது பட்ட பாட்டைத் தீர்மானித்தது, குளிரைத் தாங்குவதற்கான செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது என்ற ஒரே விஷயம்.

காப்பிக் காலத்தில் நிலைமை வேறு. 1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய காப்பித் தோட்டங்களுக்கு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் ஆள் தேவைப்படவில்லை. பழம் பறிக்கும் மாதங்களில்தான், அதாவது ஏறக்குறைய ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை, வேலை நெருக்கும். மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை, மாத்தளை என்று காட்டு வழியே நடந்து போனவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள்; வாந்திபேதியிலும் பட்டினியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். தப்பிப் பிழைத்தவர்கள் பறிப்பு முடிந்ததும் கையில் மிஞ்சியதை முடிந்துகொண்டு தை அறுவடைக்கு ஊர் திரும்பப் பார்த்தார்கள். மலையில் இரவுகள் மிகக் கடுமையாக இருக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களை இப்படிப் பலர் சொந்த ஊரிலேயே கழித்தார்கள். காப்பியும் அதிக உயரம் தாங்காத பயிர். 5,000 அடிக்கு மேல் அது சரியாக விளையாது. ஆக, அந்தத் தலைமுறைத் தொழிலாளிக்குக் குளிர் ஒரு பருவத்துத் தொல்லை. அவன் மனைவி மக்களுக்கு அது வெறும் கேள்விச் செய்தி.

1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் காப்பியைத் துடைத்தெடுத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1867இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். தேயிலை இரண்டு வகையில் காப்பிக்கு நேர்மாறு. ஒன்று, அது ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை கொழுந்து எடுக்காவிட்டால் இலை முற்றிவிடும். இரண்டாவது, அது 6,000 அடிக்கும் மேலே ஏறும். ஏற ஏற மணம் கூடும், விலையும் கூடும். முதல் குணம் நிலையாகத் தங்கும் ஆட்களைக் கேட்டது. இரண்டாவது அவர்களை முன்பு காப்பி போகாத குளிருக்குக் கொண்டுபோனது. நிலையாகத் தங்க வைக்கக் குடும்பத்தைவிட உறுதியான கயிறு ஏது? கொழுந்து எடுப்பதைக் குறைந்த கூலிக்குப் பெண்களிடம் விட்டார்கள். செடியை வெட்டிவிடும் கவ்வாத்து கணவனுக்கு, கொழுந்து மனைவிக்கு, சில்லறை வேலை பிள்ளைக்கு என்று முழுக் குடும்பத்துக்கும் பேர், அதாவது கூலிப் பதிவு, விழுந்தது. தமிழ்நாட்டின் ஆனைமலையிலும் இதே கதைதான். அங்கே மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்கு வந்த நாவலிலும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறுவது ஓர் இளம் தம்பதி.

இனி செலவுக்கு வருவோம். மலைக்கு வந்த தொழிலாளிக்குத் தோட்டம் கறுப்புக் கம்பளி கொடுத்தது. கொடுத்ததைக் கூலியில் பிடித்துக்கொண்டது. அரிசி, கம்பளி, முன்பணம் ஆகியவை பற்றுக் கணக்கில் அடுத்தடுத்து ஏறின. வெயில் நாட்டில் வாங்கவே தேவையில்லாத ஒரு பொருள் மலையில் உயிர்ப்பொருளாகி, கடனின் முதல் வரிகளில் ஒன்றாயிற்று. அந்தக் கம்பளிதான் பகலில் மழைக்குத் தலையோடு போர்த்தும் கொங்காணி, இரவில் போர்வை. ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் வட்டவளை போன்ற இடங்களில் அது காய்ந்திருக்கும் நாட்கள் எத்தனை இருந்திருக்கும்? வீடு என்பது லயம் எனும் வரிசைக் குடியிருப்பில் ஒரு காம்பரா, பத்தடிக்குப் பன்னிரண்டடி. பெரும்பாலும் சன்னலோ புகைபோக்கியோ கிடையாது. சூட்டுக்கு விறகடுப்பு, அடுப்பின் புகை குழந்தையின் நெஞ்சுக்கு. வேலைக்கு ஆட்களை வரிசைப்படுத்தும் விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடும் தாய் பாலகனைப் பிள்ளைக்காம்பராவில் ஒரு முதியவளிடம் விட்டுப் போக வேண்டும். சேலம் கிராமத்தில் இதே குழந்தை வறுமையில்தான் வளர்ந்திருக்கும். ஆனால் வெதுவெதுப்பு அங்கே காசில்லாமல் கிடைத்தது. மலையில் அது விலைக்கு வந்தது.

இதற்கு முதல் மறுப்பு, குடும்பங்கள் தாமாகத்தானே கிளம்பின என்பது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தில் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று கும்பல் கும்பலாகக் கப்பலேறினார்கள். அவர்களை யாரும் கட்டி இழுத்துப் போகவில்லை. இது உண்மை. ஆனால் பசி ஒருவரைப் புறப்படச் செய்யும். மூன்று தலைமுறை தங்கச் செய்யாது. காப்பி விழுந்தபோது திரும்பிப் போனவர்கள் பலர். தேயிலை எழுந்த பிறகு திரும்புவது கடினமாயிற்று, ஏனெனில் குடும்பமே ஒரு கடன் கணக்காகிவிட்டது. அந்தக் கடனை யார் கொடுத்துத் தீர்த்தாலும் ஆட்கள் அவர் தோட்டத்துக்கு மாறும் ‘துண்டு’ முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

இரண்டாவது மறுப்பு கனமானது. மலை ஆரோக்கியமான இடம் இல்லையா? 1934–35இல் இலங்கையை உலுக்கிய மலேரியாவில் சுமார் 80,000 பேர் மாண்டபோது, கேகாலை, குருநாகல் போன்ற தாழ்நிலப் பகுதிகள்தான் அதிகம் அழிந்தன. உயர்ந்த மலைத் தோட்டங்கள் பெருமளவு தப்பின. குளிர் கொசுவை அண்டவிடவில்லை. அப்படியானால் குளிரைக் குற்றவாளி ஆக்குவது நியாயமா? நியாயமில்லை, நானும் ஆக்கவில்லை. மலையில் மக்களை அரித்தவை நிமோனியா, வயிற்றுப்போக்கு, கொக்கிப்புழு. காய்ந்த போர்வை, புகையில்லாத அறை, கழிப்பறை, காலுக்குச் செருப்பு என்று காசு கொடுத்தால் தடுக்கக்கூடியவை இவற்றில் பெரும்பகுதி. குளிர் கொடுத்த நன்மையைத் தோட்டம் இலவசமாக எடுத்துக்கொண்டது. குளிர் கேட்ட செலவைத் தொழிலாளியின் பற்றில் எழுதியது.

மூன்றாவதாக, தோட்டத் துரைமார் மருத்துவமனை கட்டவில்லையா, பிள்ளைக்காம்பரா வைக்கவில்லையா என்று கேட்கலாம். கட்டினார்கள், வைத்தார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சட்டத்தின் நெருக்குதலால் வந்தவை. 1872இல் தோட்டத் தொழிலாளர் மருத்துவத்துக்கான சட்டமும், 1912இல் லயங்களின் சுகாதாரம் பற்றிய சட்டமும் வந்தன. மிகத் தெளிவான சாட்சி 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். அதன்படி நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்குத் தாழ்நிலத்தில் 50 சதம், இடைநிலத்தில் 52, மேட்டுநிலத்தில் 54. மலை ஏறினால் வாழ்க்கைச் செலவு ஏறும் என்பதை அரசே எண்ணில் ஒப்புக்கொண்டது. குடும்பங்கள் தேயிலைக்காக மலையேறத் தொடங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, நாளொன்றுக்கு நான்கு சதம்! பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றதும் அதே சட்டம்தான்; அப்படியொரு விதி தேவைப்பட்டதே அதற்கு முந்திய நிலையைச் சொல்லிவிடும்.

சென்னையின் பள்ளிக்கரணை, மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கத்து அடுக்ககங்களிலிருந்து இன்று கணினி வேலைக்காகச் சின்னக் குழந்தைகளோடு டொராண்டோவுக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் போகும் குடும்பங்களை இந்த வரலாற்றோடு சேர்த்துப் பேசுவது மிகை என்று தோன்றலாம். இவர்கள் படித்தவர்கள், கடவுச்சீட்டு உள்ளவர்கள், விரும்பிப் போகிறவர்கள். வித்தியாசம் பெரியதுதான், அந்த வித்தியாசமே என் வாதத்துக்குச் சான்று. டொராண்டோவின் மாசி மாதத்தோடு ஒப்பிட்டால் நுவரெலியா இளவேனில். ஆனாலும் பள்ளிக்கரணைக் குழந்தை அங்கே நன்றாகவே வளர்கிறது. சூடு தரும் பொறுப்பு வீட்டுக்காரருடையதாக உள்ள வாடகை வீடுகளில், குளிர்காலத்தில் உள்ளே 21 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது அந்த நகரத்தின் விதி. ஸ்வீடனில் குழந்தைக் காப்பகக் கட்டணத்துக்கு 2002 முதல் உச்சவரம்பு இருக்கிறது. அங்கெல்லாம் வெதுவெதுப்பு கட்டடத்திலும் சட்டத்திலும் இருக்கிறது. குடும்பத்தின் கடன் ஏட்டில் இல்லை.

ஆனால் ஒரு கணக்கு இன்னும் தீரவில்லை. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம், அந்த மலைகளிலேயே பிறந்த பெரும்பாலான இந்தியத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. வெயிலையே அறியாத பிள்ளைகள் மண்டபம் முகாமில் வந்து இறங்கினார்கள். அவர்களில் பலர் நீலகிரிக்குப் போனார்கள், தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து எடுத்தார்கள். வேலைக்காக வரவழைத்த குடும்பத்தை, எத்தனை தலைமுறை ஆனாலும் வேலைக்கு வந்தவர்களாகவே எண்ணியதன் விளைவு இது. இன்றும் ஒருவரது வேலை அனுமதியின் நிழலில் வாழ்க்கைத்துணையும் பிள்ளையும் சார்ந்திருப்போர் என்ற பெயரில் நாடு கடக்கிறார்கள். வேலை போனால் மூவரின் தங்கும் உரிமையும் ஆட்டம் காணும். குளிர்நாட்டுக்குக் குழந்தையோடு கிளம்புகிறவர்கள் கோட்டு, காலுறை, காலணி பற்றி விசாரிப்பது சரியே. அவற்றை முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிவிடலாம். அந்த மண்ணில் வளரப்போகும் பிள்ளைக்கு எந்த ஆண்டில், யார் தயவும் இல்லாமல், தன் பெயரில் தங்கும் உரிமை கிடைக்கும் என்பதைப் புறப்படும் முன்பே கேட்டுவைப்பதுதான் மலையகம் சொல்லித்தரும் விவேகம்.