சென்டினல் திட்டமும் அஜைல் முறையும்

அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., வழக்குக் கோப்புகளைக் கணினிக்கு மாற்ற எடுத்த முயற்சி ஒன்று, சுமார் 17 கோடி டாலர் செலவானபின் 2005-இல் கைவிடப்பட்டது. அடுத்து 2006-இல் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் ஒப்படைத்த 'சென்டினல்' திட்டமும், 2010-க்குள் 40 கோடி டாலருக்கு மேல் விழுங்கிப் பாதியில் நின்றது.

அவ்வாண்டு செப்டம்பரில், மீதிப் பணியைத் தாமே ஏற்று அஜைல் முறையில் முடிப்பதாக எஃப்.பி.ஐ. அறிவித்தது. வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முடித்துக் காட்டியபடி முன்னேறுவதே அஜைல். அடுத்த மாதமே நீதித்துறைத் தணிக்கை அறிக்கை ஒன்று கவலை தெரிவித்தது. சூடு கண்ட பூனை அல்லவா!

ஐயுற்றோர்க்கு விடையாக அமைந்தது, இரு வாரத்துக்கு ஒருமுறை நடந்த செயல்விளக்கம். முடிந்த பகுதியை இயக்கிக் காட்டினார்கள். 'எண்பது விழுக்காடு முடிந்தது' என்று தாளில் எழுதிவிடலாம். ஓடாத மென்பொருளைத் திரையில் ஓட்டிக் காட்ட முடியாது.

ஆயினும் தடங்கல் வந்தது. 2011 அக்டோபரில் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்திப் பார்த்தபோது, வன்பொருள் திறன் போதாமல் அமைப்பு இருமுறை முடங்கியது. புதிய வன்பொருள் பொருத்தியபின், 2012 ஜூலை 1 அன்று சென்டினல் எஃப்.பி.ஐ. முழுவதும் பயன்பாட்டுக்கு வந்தது.