மு. ரா.: ஒரு தலைப்பெழுத்தைத் தேடிச் சென்ற பயணம்

பாரதியாரின் வாழ்க்கைக் குறிப்பை வகுப்பில் நடத்தும்போது நாங்கள் ஆண்டுதோறும் தவறாமல் சொல்லும் ஒரு செய்தி உண்டு. அச்சேறிய அவருடைய முதற் கவிதையாகக் கொள்ளப்படுவது ‘தனிமை இரக்கம்’. அது 1904ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மதுரையிலிருந்து வெளிவந்த ‘விவேகபாநு’ இதழில் இடம்பெற்றது. அவ்விதழின் ஆசிரியர் மு. ரா. கந்தசாமிக் கவிராயர். சொல்லி முடித்துவிட்டு அடுத்த குறிப்புக்குப் போய்விடுவோம்.

ஒரு நாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். “ஐயா, இந்த ‘மு’ என்பது என்ன?” என்று கேட்டார். ‘ரா’ தந்தையின் பெயராக இருக்கும் என்று சொல்லிச் சமாளித்தோம். ‘மு’வுக்கு எங்களிடம் விடையில்லை. இருபதாண்டுகளாகத் தமிழ் நடத்தும் இரண்டு பேர், தாங்கள் உச்சரிக்கும் பெயரின் முதல் எழுத்தை அறியாதிருந்தோம் என்பதை வெட்கத்துடன்தான் இங்கே பதிவு செய்கிறோம்.

அன்று மாலை நூலகத்தில் விடை கிடைத்தது. ‘மு’ என்பது முகவூர். ‘ரா’ என்பது இராமசாமிக் கவிராயர். மறுநாள் அந்த மாணவியிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “எங்க ஊருக்கு அடுத்த ஊர்தான் ஐயா. தினமும் பஸ்ல அதைத் தாண்டித்தான் வர்றேன்” என்றார். அவருடைய ஊர் தளவாய்புரம்.

அந்த வாரத்திலேயே ஒரு விடுமுறை நாளில் புறப்பட்டோம். மகிழுந்து வேண்டாம், அந்த மாணவி வந்துபோகும் பேருந்திலேயே போவோம், பேருந்து போகாத இடத்துக்கு நடப்போம் என்பது ஏற்பாடு.

திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும்

திருவில்லிபுத்தூரில் இறங்கியபோது விடிந்து சிறிது நேரமே ஆகியிருந்தது. பதினொரு நிலைகளும் 192 அடி உயரமும் கொண்ட வடபத்ரசாயி கோயில் இராசகோபுரம் இளவெயிலில் நின்றது. ஆண்டாளின் திருப்பாவை முப்பதும் நாச்சியார் திருமொழி நூற்று நாற்பத்து மூன்றும் பிறந்த ஊர், பெரியாழ்வாரின் ஊர். திருமலை நாயக்கர் இங்கே ஓர் அரண்மனையும் கட்டினார். இவ்வூரின் இலக்கியப் பெருமையை யாரும் தேடிப்போக வேண்டியதில்லை. மார்கழி வந்தால் தமிழ்நாடு முழுவதும் அதனை ஒலிபெருக்கியில் கேட்கலாம். நாங்கள் தேடிப் போவது அத்தகைய ஒலிபெருக்கி கிட்டாத பெருமையை என்பதால், பால்கோவாவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த பேருந்தில் ஏறினோம்.

இராசபாளையம் இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். விசயநகரப் பேரரசின் காலந்தொட்டுத் தெற்கே வந்து குடியேறிய இராசுக்களின் ஊர். 1936இல் தொடங்கப்பட்ட பஞ்சாலையின் ஊர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜாவின் ஊர். தம் வீட்டையே கலைமன்றத்துக்குக் கொடுத்தவர் அவர். பேருந்து நிலையத்தில் தேவதானம் செல்லும் வண்டிக்காக நின்றோம். எங்களைச் சுற்றி நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. அதன் பயனை ஒரு தொழில்நகரத்தின் பேருந்து நிலையத்தில் காலை எட்டு மணிக்குக் கண்கூடாகக் காணலாம்.

நச்சாடையும் ஜமீனும்

தென்காசிச் சாலையில் வண்டி திரும்பியதும் மேற்கே மலை கூடவே வரத் தொடங்கியது. 1988இல் சாம்பல்நிற அணில்களுக்கான சரணாலயமாகவும், 2021இல் மேகமலையுடன் சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட மலைத்தொடர் அது. இந்தப் பகுதியின் வரலாறு முழுவதும் இந்த மலையடிவாரத்தைச் சார்ந்தே நடந்திருக்கிறது. மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கிக் கண்மாய்களில் தேங்குகிறது. கண்மாய் உள்ள இடத்தில் நெல் விளைகிறது. நெல் விளைந்த இடத்தில் பாளையம் எழுந்தது. பாளையம் இருந்த இடத்தில் கோயிலுக்குக் கொடையும் புலவருக்குச் சோறும் கிடைத்தன.

தேவதானத்தில் இறங்கி மலையை நோக்கி நடந்தால் வயல்களுக்கு நடுவே நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில். அம்மையின் பெயர் தவம்பெற்ற நாயகி. சங்கரன்கோவில், கரிவலம்வந்தநல்லூர், தாருகாபுரம், தென்மலை ஆகியவற்றோடு சேர்த்து இவ்வட்டாரத்தின் ஐம்பூதத் தலங்களுள் ஒன்றாகப் போற்றப்படுவது, வானத்துக்குரியது. பகை கொண்ட சோழன், நஞ்சு தோய்த்த ஆடை ஒன்றைப் பாண்டியனுக்குப் பரிசாக அனுப்பினான் என்றும், இறைவன் அதன் தீங்கைத் தவிர்த்தான் என்றும் தலக்கதை கூறுகிறது. வரலாற்றுச் சான்றாக இதனைக் கொள்ள இயலாது. ஆயினும் ஆடையை மையமாகக் கொண்ட ஒரு கதை இந்த மண்ணில் வழங்குவதை மனத்தில் குறித்துக்கொண்டோம்.

இக்கோயிலைப் போற்றி வந்தவர்கள் சேற்றூர்ப் பாளையக்காரர்கள். மீண்டும் பேருந்தேறிச் சேற்றூரில் இறங்கினோம். பதினாறாம் நூற்றாண்டில் மதுரையில் விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் வகுத்த ஏற்பாட்டின் வழியே நிலைபெற்றவை தென்னாட்டுப் பாளையங்கள். 1750களில் நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவன் ஆர்க்காட்டு நவாபையும் கும்பினியாரையும் எதிர்த்து நின்றபோது அவனோடு சேர்ந்து நின்ற பாளையங்களில் சேற்றூரும் உண்டு. அருகிலுள்ள கொல்லங்கொண்டானும் உண்டு. கொல்லங்கொண்டான் வாண்டாயத் தேவனின் பெயர் இன்றும் இவ்வட்டாரத்தில் பெருமையுடன் சொல்லப்படுகிறது. கான்சாகிபு பாளையங்களை அடக்கினான். பின்னர் அவனே கும்பினியாரோடு பகைத்து 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டான். 1801இல் பாளையக்காரர் போர் ஒடுங்கியது. எஞ்சிய பாளையங்கள் வாளை வைத்துவிட்டு வரி கட்டும் ஜமீன்களாயின.

போர் செய்யும் உரிமை போன பிறகு ஒரு பாளையத்துக்கு எஞ்சும் பெருமை என்ன? கோயிலும் தமிழும்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எட்டயபுரம், ஊற்றுமலை, சேற்றூர் போன்ற ஜமீன்கள் புலவர்களைப் போட்டி போட்டுக்கொண்டு ஆதரித்தமைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது எங்கள் எண்ணம். அவ்வகையில் சேற்றூர்ச் சமஸ்தான வித்துவானாக விளங்கியவர்தான் முகவூர் இராமசாமிக் கவிராயர். எங்கள் ‘ரா’!

முகவூருக்கு நடந்தோம்

சேற்றூரிலிருந்து முகவூருக்குச் சிற்றுந்து உண்டு. நாங்கள் நடந்தோம். கவிராயர் அரண்மனைக்குச் சென்றுவந்த தொலைவைக் கால்களால் அறிய வேண்டும் என்பது விருப்பம். ஒருபுறம் தென்னந்தோப்பு, மறுபுறம் வயல். திரும்பிப் பார்த்தால் மலை. வெயில் ஏறிவிட்டது. ஒரு பிள்ளைத்தமிழில் ஒரு பருவத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கடந்துவிடக்கூடிய தொலைவு என்று நண்பர் சொன்னார். அவருக்குப் பிள்ளைத்தமிழ் பாடம்.

முகவூர்த் தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வணங்கிவிட்டு, “ஐயா, இந்த ஊரில் கவிராயர் வீடு என்று ஏதேனும் உண்டா?” என்று கேட்டோம்.

“கவிராயரா? அப்படி இப்ப ஆரும் இல்லையே சார். ஜமீன் காலத்துல இருந்திருப்பாக.”

“நூறு ஆண்டுக்கு முன்னே இருந்தவர்கள். பாரதியாரின் முதல் பாட்டை அச்சுப் போட்டவர் இந்த ஊர்க்காரர்.”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். “நெசமாவா? நம்ம ஊரா?” என்றார். கடைக்காரரிடம் திரும்பி அதையே ஒருமுறை சொன்னார். எங்கள் தேநீருக்கு அவரே காசு கொடுத்துவிட்டார்; எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை.

இராமசாமிக் கவிராயரின் மக்கள் அருணாசலக் கவிராயர், சுப்பிரமணியக் கவிராயர், கந்தசாமிக் கவிராயர் ஆகிய மூவருமே புலவர்கள். மூவரும் பெயருக்கு முன் ‘மு. ரா.’ என்றே எழுதினர். தந்தையின் தமிழ் பெரிதும் சேற்றூர் அரண்மனையைச் சுற்றி இருந்தது. இளைய தலைமுறையைச் சேர்ந்த கந்தசாமிக் கவிராயரோ மதுரைக்குச் சென்று இதழாசிரியரானார். 1908இல் ‘தனிச்செய்யுட் சிந்தாமணி’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். நூலாகத் தொகுக்கப்படாமல் வாய்மொழியிலும் ஏடுகளிலும் சிதறிக் கிடந்த பல புலவர்களின் தனிப்பாடல்களை ஒருசேர அச்சில் ஏற்றிய பெருமுயற்சி அது. ஒரே குடும்பத்தில், ஒரே தலைமுறை இடைவெளியில், தமிழ் அரண்மனையை விட்டு அச்சுக்கூடத்துக்கு இடம்பெயர்ந்த கதை இது.

இப்போது 1904ஐ மீண்டும் நினைத்துப் பார்ப்போம். எட்டயபுரம் ஜமீனின் நிழலில் வளர்ந்த இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர் கவிதை எழுதுகிறார். சேற்றூர் ஜமீனின் நிழலில் வளர்ந்த புலவர் ஒருவர் அதனைத் தம் இதழில் வெளியிடுகிறார். அடுத்த மாதமே அந்த இளைஞர் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்கிறார். அவ்வாண்டின் இறுதிக்குள் சென்னைக்குச் சென்று ‘சுதேசமித்திரன்’ இதழில் பணியேற்கிறார். அரண்மனை வாயிலில் காத்திருந்த தமிழ், வாசகனைத் தேடிப் புறப்பட்ட காலம் அது. இருவரும் ஜமீன் மண்ணிலிருந்து வந்து ஓர் இதழின் பக்கத்தில் சந்தித்தார்கள். பாரதியைப் பற்றி எழுதும்போது எட்டயபுரத்தை யாரும் மறப்பதில்லை. முகவூரை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டோம். அந்த எழுத்தும் எதைக் குறிக்கிறதென்று வகுப்பறையில் எங்களுக்கே தெரியவில்லை.

ஏன் இந்த மறதி? ஒரு காரணம் நிர்வாக எல்லைகள் என்று தோன்றுகிறது. இப்பகுதி 1910 வரை திருநெல்வேலி மாவட்டம், பிறகு இராமநாதபுரம், 1985 முதல் விருதுநகர். ஊர் அசையாமல் இருக்க, முகவரி மட்டும் மாறிக்கொண்டே வந்தது. நெல்லைப் புலவர் வரலாறு எழுதுவோர் இவர்களை வேறு மாவட்டத்தவராக விட்டுவிடுவார்கள். புதிய மாவட்டத்தின் பெருமைகளைப் பட்டியலிடுவோருக்கோ ஆண்டாள் ஒருத்தியே போதும். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தபின் புலவர் குடும்பங்களைத் தாங்கிய கடைசிக் கிளையும் முறிந்தது.

தளவாய்புரம்

முகவூரும் தளவாய்புரமும் செட்டியார்பட்டியும் ஒன்றையொன்று ஒட்டிய ஊர்கள். நடந்துகொண்டிருந்தபோது ஓர் ஓசை எங்களை எதிர்கொண்டது. தையல் எந்திரங்களின் ஓசை. தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு. பெண்கள் அணியும் நைட்டி தைப்பதில் பெயர்பெற்ற ஊர் இது. இங்கிருந்து வெளியூர்களுக்கெல்லாம் கட்டுக்கட்டாகச் செல்கிறது. காலையில் தேவதானத்தில் கேட்ட ஆடைக் கதை நினைவுக்கு வந்தது. அருகே சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யும் ஊர். நஞ்சாடை அனுப்பிய கதையைச் சொல்லும் மண், புண்ணுக்குக் கட்டும் துணியும் வீட்டில் உடுத்தும் துணியும் நெய்தும் தைத்தும் பிழைக்கிறது.

ஊர்ப்பெயரில் உள்ள ‘தளவாய்’ என்பது நாயக்கர் ஆட்சியில் படைத்தலைவரைக் குறித்த பதவிப்பெயர். அரியநாதர் தளவாய், திருமலை நாயக்கரிடம் பணிபுரிந்த இராமப்பையனும் தளவாய். அப்பதவி ஒழிந்து ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு ஆகிறது. நாயக்கர் அரசு போனது, நவாபு போனான், கும்பினியார் போயினர், ஜமீனும் போயிற்று. பேருந்தின் நெற்றியில் ‘தளவாய்புரம்’ என்று எழுதி இன்றும் வண்டி ஓடுகிறது. கல்வெட்டைப் போலவே பேருந்துப் பலகையும் வரலாற்றை வைத்திருக்கிறது. படிப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

எங்கள் மாணவி அவர் வீட்டு வாயிலில் காத்திருந்தார். அவருடைய தாயார் எந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். மோர் கொடுத்தார்கள். முகவூரில் பெரியவர் சொன்னதைச் சொன்னோம். அந்த அம்மா, “அந்த ஊர்ல பழைய வீடுகளை இடிச்சுக் கட்டும்போது ஏடு, பழைய புஸ்தகம்னு எவ்வளவோ வெளிய போட்டுருக்காக சார். நாங்க அதையெல்லாம் என்னத்தக் கண்டோம்?” என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கண்டிருக்க வேண்டியதில்லை. கண்டு சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். பிறர் பாடிய தனிப்பாடல்கள் அழியக்கூடாதென்று தேடித் தொகுத்தவரின் ஊரிலேயே ஏடுகள் தெருவுக்கு வந்திருக்கின்றன.

மாலையில் இராசபாளையம் வண்டியில் திரும்பினோம். கையில் எஞ்சியது அந்த மாணவி தம் குறிப்பேட்டில் எழுதித் தந்த ஒரு பட்டியல்: முகவூரிலும் சேற்றூரிலும் இன்னும் இடிக்கப்படாமல் நிற்கும் பழைய வீடுகள், பதினொன்று. வரும் விடுமுறையில் அவரும் இரண்டு தோழியரும் எங்களோடு வந்து ஒவ்வொரு வீட்டிலும் கேட்பதாக ஏற்பாடு. இப்பகுதியைச் சேர்ந்த வாசகர்கள் எவரிடமேனும் ‘மு. ரா.’ என்னும் எழுத்துக்களோடு தொடங்கும் பெயர் அச்சிட்ட பழைய நூலோ இதழோ இருக்குமானால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள்.