லூசிலின் விலை: ஒரு மாதக் கூலி கிட்டாரும் பல லட்சத்து கிட்டாரும்

எங்கள் பகுதிப் பறைக்குழுவில் அடிக்கும் தம்பி ஒருவர் போன மாதம் எங்களிடம் வந்தார். இரண்டு ஆண்டுகளாக கிட்டாரும் வாசிக்கிறார். பி.பி. கிங் பெயரில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் செய்து விற்கப்படும் ‘லிமிடெட் எடிஷன்’ எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றின் படத்தைப் போனில் காட்டினார். கறுப்பு உடல், தங்க நிறத் திருகுகள், கூடவே எண் போட்ட சான்றிதழ். விலை பல லட்சம். பாதிப் பணம் சேர்த்துவிட்டார், மீதிக்குத் தவணைக் கடன் எடுக்க வேண்டும். அவருடைய அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

“வாங்கலாமா தோழர், இல்ல இது தப்பா?” என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதையும், பிறகு என்ன சொன்னோம் என்பதையும் எழுதுகிறோம். இதே கேள்வியோடு இன்னும் பல தோழர்கள் இருப்பார்கள். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முறையாக மேடையேறியபோது, கானாவும் பறையும் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒரே மேடையில் நின்றன. கிட்டார் யாருடைய வாத்தியம் என்ற தயக்கம் நம் பிள்ளைகளுக்கு இனி வேண்டியதில்லை. எந்த கிட்டார், என்ன விலைக்கு என்பதுதான் இப்போது கேள்வி.

‘உனக்கெல்லாம் எதுக்கு இது?’

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ‘உனக்கெல்லாம் எதுக்கு இவ்வளவு விலையில்?’ என்று நாங்கள் கேட்க மாட்டோம். அந்தக் கேள்வியை நம்மிடம் கேட்டவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும்.

1936இல் அச்சான ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர் சில சம்பவங்களை அடுக்குகிறார். குஜராத்தின் ஒரு கிராமத்தில், வசதியான தீண்டப்படாதோர் வீட்டுப் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுக்கத் தொடங்கியதற்காகத் தாக்கப்பட்டார்கள். ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் சக்வாராவில், தம் சாதியாருக்கு விருந்து வைத்தவர் நெய் பரிமாறினார் என்பதற்காகத் தடிகளோடு வந்து சாப்பாட்டைப் பாழாக்கி, விருந்தினரை அடித்தார்கள். குடமும் நெய்யும் அவரவர் சொந்தக் காசில் வாங்கியவை. நல்ல பொருள் ‘இவர்கள்’ கையில் இருக்கலாமா என்பதுதான் அடித்தவர்களின் ஆத்திரம்.

ஆகவே விலையுயர்ந்த கிட்டாரை வாங்கும் உரிமை தம்பிக்கு உண்டு. அதில் விவாதமே இல்லை. ஆனால் வாங்க உரிமை இருக்கிறது என்பதும், வாங்குவது தகும் என்பதும் ஒன்றல்ல. தகுமா என்று பார்க்க, அந்த கிட்டாரில் எழுதியிருக்கும் பெயருக்குரியவரின் கதைக்குப் போக வேண்டும்.

ஒரு மாதக் கூலி

பி.பி. கிங் 1925இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், பருத்தித் தோட்டப் பகுதியில் பிறந்தார். கறுப்பின மக்கள் அடிமை முறையிலிருந்து சட்டப்படி விடுபட்டு அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் நிலம் வெள்ளையரிடமே இருந்தது. கறுப்பினக் குடும்பங்கள் வாரத்துக்குப் பயிரிட்டன. விதையும் உணவும் கடனாக வரும், அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் கடன்தான் மிஞ்சும். பண்ணையாள் முறையைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அங்கே கிட்டார் வாங்க வழியில்லாத பிள்ளைகள் சுவரில் கம்பியை ஆணியடித்து இழுத்துக் கட்டி, மேலே போத்தலைத் தேய்த்து வாசித்தார்கள். கிங்கும் அப்படித் தொடங்கியவர்தான். முதல் கிட்டார் 15 டாலர் என்று தன்வரலாற்றில் சொல்கிறார். அவருடைய மாதக் கூலியும் 15 டாலர்தான். முதலாளி பணத்தைக் கொடுத்துவிட்டு, இரண்டு மாதக் கூலியில் பாதிப் பாதியாகப் பிடித்துக்கொண்டார்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிங்கும் கடனில்தான் கிட்டார் வாங்கினார். ஆனால் அந்தக் கடன் இரண்டு மாதத்தில் தீர்ந்தது.

1949 குளிர்காலத்தில், ஆர்கன்சா மாநிலத்தின் ட்விஸ்ட் என்ற சிற்றூரில் ஒரு நடனக் கூடத்தில் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். குளிர்காய, நடுவில் ஒரு பீப்பாயில் மண்ணெண்ணெய் ஊற்றி எரியவிட்டிருந்தார்கள். இரண்டு பேர் சண்டையில் புரண்டு பீப்பாயைச் சாய்த்துவிட, கூடம் தீப்பற்றியது. எல்லோரும் வெளியே ஓடிய பிறகுதான், கிட்டாரை உள்ளேயே விட்டுவந்தது கிங்குக்கு நினைவு வந்தது. திரும்பத் தீக்குள் ஓடி எடுத்து வந்தார். அதன் விலை 30 டாலர். சண்டை லூசில் என்ற பெண்ணைக் குறித்தது என்று மறுநாள் தெரிந்தது. இனி இப்படி ஒரு மடத்தனம் செய்யக்கூடாது என்று தனக்கே நினைவூட்ட, அந்த கிட்டாருக்கு லூசில் என்று பெயர் வைத்தார். அதன்பின் வாசித்த கிட்டார்கள் எல்லாமே லூசில்தான்.

லூசில் சரக்கானது

1980இல் கிப்சன் நிறுவனம் அவருடைய பெயரில் லூசில் மாடலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் உண்மையான ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. உள்ளே வெற்றிடம் உள்ள கிட்டாரின் மேற்பலகையில் இரண்டு துளைகள் இருக்கும். ஒலியைக் கூட்டினால் அவை வழியாக ஊளைச் சத்தம் வரும். கிங் அந்தத் துளைகளில் துணியை அடைத்து வாசிப்பார். லூசில் மாடலில் துளைகளையே எடுத்துவிட்டார்கள். வாசிப்பவரின் தேவையிலிருந்து வந்த மாற்றம் இது. இதற்குக் காசு கொடுப்பதில் பொருள் உண்டு.

2005இல் அவருடைய 80ஆவது பிறந்தநாளுக்கு 80 லூசில்கள் மட்டும் செய்யப்பட்டன. அந்த வரிசையின் முதல் கிட்டாரைக் கிங்குக்கே பரிசளித்தார்கள். 2009இல் அது திருடுபோய், லாஸ் வேகாஸில் ஓர் அடகுக்கடையில் கிடைத்தது. வாங்கியவர், யாருடையது என்று தெரிந்ததும் அவரிடமே திருப்பிக் கொடுத்தார். கிங் 2015இல் மறைந்தார். 2019 ஏலத்தில் அந்த கிட்டார் 2,80,000 டாலருக்குப் போனது.

30 டாலரிலிருந்து 2,80,000 டாலர் வரை உயர்ந்தது எது? கம்பியா, மரமா? அந்த மனிதரின் வாழ்க்கைதான். ஏலத்தில் போன கிட்டாரையாவது அவர் கையால் தொட்டு வாசித்தார். தம்பி பார்த்த கிட்டாரில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

தழும்புக்கும் விலை

எண்ணிக்கையைக் குறைத்து விலையை ஏற்றுவது ஒரு வழி. வேறு வழிகளும் உண்டு. ஃபெண்டர் நிறுவனத்தின் கஸ்டம் ஷாப் 1990களின் நடுவிலிருந்து ‘ரெலிக்’ என்ற பெயரில் புது கிட்டார்களை விற்கிறது. வண்ணத்தைச் சுரண்டி, உலோகத்தை மங்கவைத்து, முப்பது வருடம் மேடையில் அடிபட்டது போலச் செய்து கொடுப்பார்கள். பளபளப்பாக வரும் சாதாரணப் புது கிட்டாரைவிட இதற்கு விலை அதிகம். உழைத்தவன் கை தேய்ந்து உண்டான தழும்பு, உழைக்காதவனுக்கு அலங்காரமாக விற்கப்படுகிறது.

அதே ஃபெண்டரில் 1956 முதல் ‘பிக்கப்’ சுற்றிய தொழிலாளி அபிகெயில் இபாரா. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சிறு கட்டை. மேலே எஃகுக் கம்பி அதிரும்போது உள்ளே மின்னோட்டம் பிறக்கும், அதுதான் ஒலியாகிறது. எலெக்ட்ரிக் கிட்டாரின் உயிர் அதில்தான் இருக்கிறது. இபாராவின் பெயர் கிட்டார் உலகத்துக்குத் தெரியப் பல பத்தாண்டுகள் ஆயின. பிறகு ‘இபாரா சுற்றியது’ என்பதே விலையை ஏற்றும் விளம்பரமாகிவிட்டது. மாட்டுத் தோல் எடுத்து மிருதங்கம் செய்யும் நம் மக்களின் பெயர் எந்தச் சபாவில் ஒலித்திருக்கிறது? செய்தவரின் பெயரை முதலில் மறைப்பதும், காசாகும்போது எடுத்து ஒட்டுவதும் ஒரே வியாபாரத்தின் இரண்டு பக்கங்கள்.

ரொசெட்டா தார்ப்

அப்படியானால் விலையுயர்ந்த கிட்டாரே வேண்டாம் என்கிறோமா? இல்லை. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 1915இல் ஆர்கன்சாவில் பிறந்த கறுப்பினப் பெண். 1944இல் அவர் பதிவு செய்த ஒரு பாட்டை, ராக் அண்ட் ரோலின் தொடக்கங்களில் ஒன்றாக இன்று பலர் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் கறுப்பினத்தவரின் இசைத்தட்டுகளை ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்று தனியாகப் பிரித்து விற்றார்கள். சேரியைத் தனியே வைப்பது போலத்தான்.

1960களில் அவர் கையில் இருந்தது கிப்சன் லெஸ் பால் வரிசையிலேயே விலை கூடிய வெள்ளை கிட்டார். 1964இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலைய மேடையில் அவர் வாசித்தது தொலைக்காட்சிப் பதிவாக இன்றும் கிடைக்கிறது. கட்டாயம் பாருங்கள். அந்த கிட்டாரை அவர் பெட்டிக்குள் பூட்டி வைக்கவில்லை. அது அவருடைய வேலைக் கருவி. 1973இல் இறந்தபோது அவர் கல்லறைக்கு ஒரு கல்கூட வைக்கப்படவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வைத்தார்கள். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது 2018இல்.

நாங்கள் சொன்ன பதில்

இந்தக் கதைகளை எல்லாம் தம்பியோடு உட்கார்ந்து பேசினோம். பிறகு நான்கு கேள்விகள் கேட்டோம்.

ஒன்று, இந்தக் கடன் எத்தனை மாதத்தில் தீரும்? இரண்டு, டவுன் பஸ்ஸில் இதைத் தோளில் மாட்டிக்கொண்டு போவாயா, மழை தூறும் திறந்தவெளிக் கூட்டத்தில் வாசிப்பாயா? மூன்று, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், இதற்கும் இதில் பத்தில் ஒரு பங்கு விலையுள்ள நல்ல கிட்டாருக்கும் உனக்கு வித்தியாசம் தெரியுமா? நான்கு, ஆம்ப்ளிஃபயருக்குக் காசு மிச்சமிருக்கிறதா? எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியில் பாதி ஆம்பில்தான் இருக்கிறது.

மூன்றாண்டுத் தவணை என்றார். பஸ்ஸில் கொண்டுபோக மாட்டேன் என்று உடனே சொன்னார். மூன்றாவது கேள்விக்குச் சிரித்தார். ஆம்பைப் பற்றி யோசிக்கவே இல்லை.

“அப்ப வாங்க வேணாம் தம்பி” என்றோம். மலிவானதை வைத்து ஒப்பேற்றச் சொல்லவில்லை. கழுத்து வளையாத, ஃபிரெட் விளிம்பு கையைக் கிழிக்காத, கம்பியை இழுத்து வாசித்தாலும் சுருதி நிற்கிற நல்ல கருவியாகக் கையில் இருக்கும் காசிலேயே வாங்கு. ஒரு ஆம்ப் வாங்கு. மிச்சத்தை வீட்டில் கொடு. நாளைக்கு உன் வாசிப்பே சம்பாதித்துக் கொடுத்து, இதைவிட நல்ல கருவி உன் வேலைக்குத் தேவை என்று வந்தால், எவ்வளவு விலையானாலும் வாங்கு. அன்றைக்கு யாராவது ‘உனக்கெதுக்கு’ என்று கேட்டால் நாங்கள் உன் பக்கம் நிற்போம்.

தம்பிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. முகம் வாடியது. “அவர் பேர் இருக்கே தோழர்” என்றார். அந்த ஏக்கத்தை நாங்கள் மதிக்கிறோம். நம்மைப் போல ஒடுக்கப்பட்ட ஒருவரின் பெயரைக் கையில் ஏந்த நினைப்பது வீண் ஆசை அல்ல. ஆனால் கிங் தன் கிட்டாருக்குத் தானே பெயர் வைத்தார். அதற்காக அவர் யாருக்கும் காசு கொடுக்கவில்லை.

போன வாரம் தம்பி கிட்டார் வாங்கிவிட்டார். சிவப்பு நிறம், கடன் இல்லை. அம்மாவையும் கடைக்கு அழைத்துப் போயிருக்கிறார். கிட்டாருக்கு என்ன பெயர் என்று கேட்டோம். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.