லயத்துக்குப் பிறகு

கெடாவில், பீடோங் பக்கத்துத் தோட்ட லயத்தில் வளர்ந்தேன்: பலகைச் சுவர், தகரக் கூரை. அடுத்த வீட்டு இருமலும் கேட்கும்.

நகரங்களிலோ, 1960களில் மலேசிய அரசு வேகமாக வீடு கட்ட, ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை நாடியது. கோலாலம்பூர் பெக்கெலிலிங் சாலையில் டென்மார்க் முறை. கெடாவுக்கு அருகே, பினாங்கு ரைபிள் ரேஞ்சில் பிரெஞ்சு முறை, 17, 18 மாடிகளில் சுமார் 3,700 வீடுகள். அந்த வேகம் பெரிய சாதனைதான். ஆனால் ஐரோப்பாவில் வகுத்த அந்த முறைகள், தண்ணீரை அள்ளி ஊற்றிக் குளிக்கும் நம் பழக்கத்துக்கும் கொட்டும் மழைக்கும் ஒத்துவரவில்லை, குளியலறைகள் கசிந்தன. பாரம் தாங்கும் சுவர் என்பதால், குடும்பம் பெருகினாலும் இடித்து அறையைப் பெரிதாக்க வழியில்லை.

சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் இன்று அப்படிப்பட்ட பலகைகளால் மலிவு வீடு கட்டுவோரே, விலையைப் பார்க்குமுன் பலகை இணைப்புகளில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குடியேறப் போகிறவர்களையும் கேளுங்கள்.