ஹார்மோன் சமநிலைக் குலைவு

ஹார்மோன் சமநிலைக் குலைவு என்பது தனியொரு நோயின் பெயர் அன்று. தைராய்டு, கணையம், அட்ரீனல், பிட்யூட்டரி, சினைப்பை போன்ற சுரப்பிகளில் ஏதோவொன்று தேவைக்கு மிகுந்தோ குறைந்தோ சுரப்பதையும், சுரந்தது உடலில் சரிவர வேலை செய்யாமல் போவதையும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயர்.

பின்னதற்கு நல்ல எடுத்துக்காட்டு இன்சுலின் எதிர்ப்பு. அதன் வேரைத் தேடியதில் புனேக்குத் தனி இடம் உண்டு. புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர், 1993-இல் நகரை அடுத்த 6 கிராமங்களில் பெண்களைக் கருவுறும் முன்பிருந்தே கண்காணிக்கத் தொடங்கினர். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடையும் தசையும் குறைந்திருந்த அளவுக்குப் புனேக் குழந்தைகளின் தோலடிக் கொழுப்பு குறையவில்லை. அவர்களுக்கு 6 வயதானபோது இன்னொன்று தெரிந்தது: கர்ப்ப காலத்தில் வைட்டமின் பி12 குறைந்தும் ஃபோலேட் மிகுந்தும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடமே இன்சுலின் எதிர்ப்பு மிக அதிகம்.

ஒல்லியான உடலிலும் கொழுப்பு மிகுந்திருக்கலாம் என்பதற்கு யாஜ்னிக் தம் உடலையே சான்றாக்கினார். 2004-இல் 'லான்செட்' இதழில் அவரும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் வெளிவந்தது. இருவரின் உடல் நிறை குறியீட்டெண்ணும் 22.3; உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%. 'ஒல்லியாகத்தானே இருக்கிறேன்' என்று சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவோருக்கு இதைவிட நல்ல மறுமொழி இல்லை.

ஹார்மோன் குலைவுக்கு மற்றக் காரணங்கள் பல: தைராய்டைத் தாக்கும் தன்னெதிர்ப்பு, அயோடின் குறைவு, பிட்யூட்டரிக் கட்டி, சினைப்பை நீர்க்கட்டி நோய். மருந்துகளும் உண்டு. வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன் புரோலாக்டினை உயர்த்தும். ஸ்டீராய்டு மாத்திரை அட்ரீனலை உறங்க வைக்கும்.

களைப்பு ஒன்றை மட்டும் வைத்து 'முழு ஹார்மோன் பேக்கேஜ்' எடுப்பது பெரும்பாலும் வீண்செலவு; அறிகுறியே பரிசோதனையைத் தீர்மானிக்க வேண்டும். 3 மாதம் மாதவிடாய் வராதிருத்தல் (முதலில் கர்ப்பமா என்று பார்க்க வேண்டும்), முகத்தில் முரட்டு முடி, காரணமின்றி எடை ஏறுதல் அல்லது இறங்குதல், பெண்குழந்தை 8 வயதுக்கு முன்பும் ஆண்குழந்தை 9 வயதுக்கு முன்பும் பருவமாற்றம் காட்டுதல் ஆகியவை மேற்பரிசோதனைக்கு உரியவை. தைராய்டு ஐயத்துக்கு முதலில் டி.எஸ்.எச். போதும்; அது பிறழ்ந்தால்தான் டி4-உம் எதிர்ப்பொருள் சோதனையும். கார்ட்டிசால், டெஸ்டோஸ்டிரோன் இரண்டுக்கும் காலை நேர ரத்தம் தேவை. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிடுபவருக்குத் தைராய்டு முடிவு தவறாக வரலாம். குறைந்தது 2 நாள் முன்னதாக அதை நிறுத்த வேண்டும்.

கர்ப்பமோ பாலூட்டலோ இன்றி மார்பில் பால் கசிந்து, தலைவலியும் பார்வைக் குறைவும் சேர்ந்தால் தாமதிக்கலாகாது. நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்துத் திடீரென நிறுத்தியவருக்கு வாந்தியும் மயக்கமும் வந்தால், ரத்த முடிவுக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.